போர்ப் படங்களின் எந்த வசனங்கள் படைவீரர்களிடம் நிற்கின்றன, ஏன்?

கேட்கப்பட்ட கேள்வி இது: போர்ப் படங்களில் வரும் சில வசனங்களை ராணுவத்தில் இருப்பவர்கள் பல வருடம் கழித்தும் அச்சு மாறாமல் சொல்கிறார்களே, ஏன்? நமக்குப் பிடித்த வசனமும் அவர்களுக்குப் பிடித்த வசனமும் ஒன்றுதானா?

இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். பெரும்பாலும் ஒன்றில்லை. கொடி, தாய்மண், தியாகம் என்று வரும் இடங்களில் தியேட்டரில் நாம் கைதட்டுகிறோம். படையில் இருந்தவர்கள் தங்களுக்குள் சொல்லிக்கொள்கிற வசனங்களில் இவை அனேகமாக இருக்காது. வேலை, பயம், அலுப்பு, மேலே இருப்பவரின் கடுகடுப்பு, பக்கத்தில் நிற்கிற ஆள், இவற்றைப் பற்றிய வசனங்கள்தான் அங்கே நிலைக்கின்றன. ஒரு நல்ல உதாரணத்தோடு ஆரம்பிக்கிறேன்.

ரிட்லி ஸ்காட் இயக்கி 2001இல் வந்த 'பிளாக் ஹாக் டவுன்', 1993 அக்டோபர் 3, 4 தேதிகளில் சோமாலியாவின் மொகதிஷு நகரத்தில் நடந்த சண்டையைப் பற்றியது. சுமார் ஒரு மணி நேரத்தில் முடிய வேண்டிய வேலை, இரண்டு ஹெலிகாப்டர்கள் சுட்டு வீழ்த்தப்பட்டதும் விடிய விடிய நீண்டது. அமெரிக்கப் படையினர் 18 பேர் இறந்தார்கள். சோமாலியர்கள் நூற்றுக்கணக்கில் இறந்தார்கள். படத்தின் நடுவே, வழி தெரியாமல் தெருத்தெருவாகச் சுற்றுகிற வண்டி வரிசைக்கு நான்கு பக்கமும் குண்டு மழை. லெப்டினன்ட் கர்னல் மெக்நைட், ஒரு வீரரைப் பார்த்து அந்த லாரியில் ஏறி ஓட்டச் சொல்கிறார். "எனக்குக் குண்டு பட்டிருக்கு, கர்னல்" என்கிறார் வீரர். கர்னல் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. "எல்லாருக்கும்தான் பட்டிருக்கு. ஏறு."

அவ்வளவுதான் வசனம். இதில் வீரம் என்ற சொல் இல்லை, நாடு இல்லை, ஆறுதல்கூட இல்லை. ஆனால் அமெரிக்கப் படையில் இருந்தவர்கள் அதிகம் சொல்லிச் சிரிக்கிற வசனங்களில் இது ஒன்று. காய்ச்சலோடு பரேடுக்கு நிற்பவன், தூக்கமில்லாமல் காவலுக்குப் போகிறவன், கால் கொப்புளத்தோடு நடக்கிறவன், யார் முனகினாலும் பக்கத்திலிருக்கிறவன் "எல்லாருக்கும்தான் பட்டிருக்கு" என்று சொல்லலாம். அதில் கேலியும் உண்டு, 'நானும் உன்னோடதான் இருக்கேன்' என்பதும் உண்டு. உண்மையான மெக்நைட்டும் அந்த நாளில் காயம்பட்டவர்தான் என்பது தெரிந்தால் வசனத்தின் கனம் இன்னும் கூடும்.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். அது தனி வசனம் அல்ல, ஒரு கேள்வியும் அதற்கு ஒரு பதிலும். கீழே இருப்பவர் ஒன்று சொல்கிறார், மேலே இருப்பவர் அதை வெட்டுகிறார். வீரர்களிடம் நிற்கிற வசனங்களில் பாதிக்கு மேல் இந்த அமைப்பில்தான் இருக்கும். காரணம் எளிது. அதை இரண்டு பேர் சேர்ந்து நடிக்கலாம். ஒருவன் முதல் பாதியை எடுத்துக் கொடுத்தால் இன்னொருவன் முடித்து வைப்பான். நீளமான பிரசங்கத்தை அப்படி நடிக்க முடியாது. படை வாழ்க்கையில் சண்டை கொஞ்சம், காத்திருப்பு ரொம்ப. அந்தக் காத்திருப்பில் இப்படிப்பட்ட வசனங்கள் நன்றாக உதவும்.

பிரிட்டிஷ் ராணுவத்தில் இதற்கு இணையான படம் 1964இல் வந்த 'ஜூலு'. 1879 ஜனவரி 22, 23 தேதிகளில் தென்னாப்பிரிக்காவின் ரோர்க்ஸ் டிரிஃப்ட் என்ற சின்ன முகாமில் நடந்த சண்டை அது. உள்ளே பிரிட்டிஷ் தரப்பில் சுமார் 150 பேர், அவர்களில் பலர் நோயாளிகள். வெளியே ஜூலு என்ற ஆப்பிரிக்க இனத்து வீரர்கள் 3,000 முதல் 4,000 பேர். அதே நாளில்தான் பக்கத்திலிருந்த இசண்டில்வானாவில் 1,300 பேருக்கு மேல் அடங்கிய பிரிட்டிஷ் தரப்புப் படை அழிந்திருந்தது. தாக்குதல் வரப்போகிறது என்று தெரிந்ததும் ஓர் இளம் சிப்பாய் நடுங்கிப்போய்க் கேட்கிறான்: "ஏன் நாம? ஏன் நாமதான்?" கலர் சார்ஜென்ட் போர்ன் நிதானமாகச் சொல்கிறார்: "ஏன்னா இங்க இருக்கறது நாமதான், தம்பி. வேற யாரும் இல்ல."

பயந்தவனைத் திட்டாமல், பொய் சொல்லித் தேற்றாமல் சொன்ன பதில் இது. மகாராணிக்காக, பேரரசுக்காக என்று ஒரு வார்த்தை சேர்த்திருந்தால் வசனம் செத்திருக்கும். எனக்குத் தெரிந்து, 'ஏன் இந்த வேலை எனக்கு வந்தது' என்கிற கேள்விக்குப் போர்ப் படங்களில் வந்த நேர்மையான பதில் இதுதான். ஜவானோ தீயணைப்பு வீரரோ, யாருக்குச் சொன்னாலும் புரியும்.

படத்தில் போர்னாக நடித்த நைஜல் கிரீன் உயரமான, கனமான, வயதில் மூத்த ஆள். உண்மையான ஃபிராங்க் போர்ன் அப்போது 24 வயது இளைஞர், உயரமும் அதிகமில்லை. அந்தச் சண்டையில் 11 பேருக்கு, பிரிட்டனின் உச்ச வீர விருதான விக்டோரியா கிராஸ் கிடைத்தது. போர்ன் நீண்ட காலம் வாழ்ந்து, 1945 மே 8 அன்று, ஐரோப்பாவில் இரண்டாம் உலகப் போர் முடிந்த அதே நாளில் இறந்தார். ஒரு விஷயத்தையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். படத்தின் முடிவில் ஜூலு வீரர்கள் பிரிட்டிஷாரை வாழ்த்திப் பாடிவிட்டுப் போவது கற்பனை. உண்மையில் சண்டை முடிந்ததும் காயம்பட்டுக் கிடந்த ஜூலுக்கள் பலர் கொல்லப்பட்டார்கள். படம் அதைக் காட்டவில்லை. வசனத்தை ரசிப்பவர்கள் இதையும் தெரிந்துகொண்டு ரசிக்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

மறுபடி 'பிளாக் ஹாக் டவுன்' படத்துக்கு வருகிறேன். அதில் ஹூட் என்ற பாத்திரம் சொல்வதுதான் படைவீரர்கள் உணர்ச்சியோடு எடுத்துச் சொல்கிற வசனம். ஊருக்குப் போனால், 'ஏன் இதைச் செய்யறே, போர்ப் பைத்தியமா நீ?' என்று கேட்பார்கள், நான் வாயே திறக்க மாட்டேன், அவர்களுக்குப் புரியாது, இதெல்லாம் பக்கத்தில் நிற்கிறவனுக்காகத்தான், அவ்வளவுதான், வேறொன்றும் இல்லை. இதுதான் அதன் சாரம்.

இதைச் சினிமாத்தனம் என்று ஒதுக்க முடியாது. இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் சமூகவியலாளர்கள் இதே கேள்வியை ஆராய்ந்தார்கள். எட்வர்ட் ஷில்ஸ், மோரிஸ் ஜானோவிட்ஸ் இருவரும் 1948இல் ஜெர்மன் படையைப் பற்றி எழுதிய கட்டுரையில், தோல்வி உறுதியான பிறகும் அந்த வீரர்கள் கலையாமல் நின்றதற்குக் கட்சிக் கொள்கையைவிடத் தங்கள் சின்னக் குழுவின் மேல் இருந்த பிணைப்பே பெரிய காரணம் என்றார்கள். சாமுவேல் ஸ்டவுஃபர் தலைமையில் அமெரிக்க வீரர்களிடம் நடந்த ஆய்வு 1949இல் நூலாக வந்தது. அதிலும் தோழர்கள் மேலுள்ள பற்று முக்கியமான காரணமாக வருகிறது. ஆனால் அங்கே வீரர்கள் அதைவிட அதிகமாகச் சொன்ன காரணம் இன்னும் எளிமையானது: வேலையை முடிக்கணும், வீட்டுக்குப் போகணும்.

இந்தக் காரணத்தைச் சினிமா வசனமாகக் கேட்பது அபூர்வம். அப்படிக் கேட்ட ஓர் இடம் ஸ்டீவன் ஸ்பீல்பெர்க்கின் 'சேவிங் பிரைவேட் ரயன்' (1998). இரண்டாம் உலகப் போரில் ரயன் என்ற ஒரே வீரரைத் தேடிப் பிடித்து வீட்டுக்கு அனுப்பப் போகிற சின்னக் குழுவின் கதை. ஜெர்மன் கைதி ஒருவனைச் சுடுவதா விடுவதா என்று குழுவுக்குள் சண்டை முற்றி, துப்பாக்கியைத் தங்களுக்குள்ளேயே நீட்டிக்கொள்கிற கட்டம். கேப்டன் மில்லர் ஊரில் என்ன தொழில் செய்தார் என்று வீரர்கள் பந்தயம் கட்டிக்கொண்டிருந்தார்கள். அந்த நேரத்தில் அவர் தானாகவே அதைச் சொல்கிறார்: நான் பள்ளிக்கூட வாத்தியார். ரயன் என்கிற அந்த ஆளைப் பற்றித் தனக்கு எதுவும் தெரியாது, அவனைக் கண்டுபிடித்து வீட்டுக்கு அனுப்பினால் தன் மனைவியிடம் திரும்பிப்போகத் தனக்கு உரிமை கிடைக்கும் என்றால், அதுதான் தன் வேலை என்கிறார். கூடவே, ஒவ்வொருவனைக் கொல்லும்போதும் வீட்டிலிருந்து இன்னும் கொஞ்சம் தூரம் போய்விட்ட மாதிரி இருக்கிறது என்றும் சொல்கிறார். ஸ்டவுஃபரிடம் அந்த வீரர்கள் சொன்னது இதுவேதான்.

ஆனால் அதே படத்தில் படைவீரர்கள் தினசரி வாழ்க்கையில் எடுத்துப் பயன்படுத்துவது இன்னொன்று. ஒரே ஆளைத் தேடி எட்டுப் பேர் போவது என்ன நியாயம் என்று ரைபன் புலம்புகிறான். நீங்களும் கொஞ்சம் புலம்புங்களேன் என்று கேப்டனைக் கேட்கிறான். மில்லர் சொல்கிறார்: "நான் உன்கிட்ட புலம்ப மாட்டேன். புலம்பல் மேலதான் போகணும், கீழ வரக் கூடாது. நீ என்கிட்ட புலம்பு, நான் என் மேலதிகாரிகிட்ட புலம்பறேன்." அப்புறம் ரைபன் விடாமல் தூண்ட, தானே ஒரு மேலதிகாரியிடம் பேசுகிற மாதிரி நடித்து, இது மிகச் சிறந்த பணி சார், இதற்காக என் உயிரையும் என் ஆட்களின் உயிரையும், முக்கியமாக ரைபன் உயிரையும் தரத் தயார் என்கிறார். எல்லோரும் சிரிக்கிறார்கள். தலைமை பற்றிப் பாடம் நடத்தாமல் தலைமையைக் காட்டுகிற இடம் அது. தனக்கு ஒப்பாத உத்தரவைக் கீழே இருப்பவர்களிடம் தூற்றாமல் கொண்டுபோவது எவ்வளவு கஷ்டம் என்பது ஹவில்தாராகவோ அதிகாரியாகவோ இருந்தவர்களுக்குத் தெரியும்.

சரி, இப்போது கொஞ்சம் சிக்கலான படத்துக்கு வருவோம். உலகத்தில் எந்த நாட்டுப் படையாக இருந்தாலும், பயிற்சி முகாம் பற்றிப் பேச்சு வந்தால் ஸ்டான்லி குப்ரிக்கின் 'ஃபுல் மெட்டல் ஜாக்கெட்' (1987) வராமல் இருக்காது. அதில் சார்ஜென்ட் ஹார்ட்மேன் புதுப் பையன்களை வரிசையில் நிறுத்தி விளாசுகிற முதல் காட்சியை மனப்பாடமாகச் சொல்பவர்கள் ஏராளம். முக்கால்வாசி அச்சில் ஏற்ற முடியாத வசவு. ஏற்ற முடிந்ததில் ஒன்று: "நான் கடுமையானவன். அதனால என்னை உங்களுக்குப் பிடிக்காது. எவ்வளவுக்கு வெறுக்கறீங்களோ அவ்வளவுக்குக் கத்துக்குவீங்க. நான் கடுமையானவன், ஆனா நியாயமானவன்."

ஹார்ட்மேனாக நடித்த ஆர். லீ எர்மி நடிப்புப் பள்ளியிலிருந்து வந்தவர் இல்லை. 1960களில் அமெரிக்க மரைன் படையில் இதே வேலை பார்த்தவர், 1968இல் வியட்நாமில் இருந்தவர். படத்துக்கு ஆலோசகராகத்தான் அழைத்தார்கள். அந்த வேடத்துக்கு வேறொரு நடிகரை ஏற்கெனவே எடுத்திருந்தார்கள். எர்மி விடாமல் திட்டிக்கொண்டே போகிற ஒத்திகைப் பதிவைப் பார்த்த குப்ரிக், வேடத்தை அவருக்கே கொடுத்துவிட்டார். எழுதியதைத் தாண்டி நடிகர்களைப் பேச விடாதவர் என்று பெயர் எடுத்த இயக்குநர், ஹார்ட்மேனின் வசனத்தில் சுமார் பாதி எர்மியிடமிருந்து வந்தது என்று பின்னால் சொன்னார். நம் ராணுவத்தில் டிரில் உஸ்தாத் கையில் பயிற்சி எடுத்தவர்கள்கூட, மொழி வேறாக இருந்தும், அந்தக் காட்சியைப் பார்த்து உடனே சிரிப்பதற்கு இதுவே காரணம். வசவின் தாளம் நிஜம். மூச்சு எங்கே விட வேண்டும், எந்தப் பையனை அடுத்துப் பிடிக்க வேண்டும் என்பது அந்த வேலையைச் செய்தவருக்கு மட்டுமே வரும்.

அதே படத்தில் பையன்கள் ராத்திரி துப்பாக்கியோடு படுத்துக்கொண்டு சொல்கிற உறுதிமொழியும் கற்பனை இல்லை. "இது என் துப்பாக்கி. இதைப் போல நிறைய இருக்கு, ஆனா இது என்னுடையது" என்று தொடங்கும் அந்த வாசகம், பேர்ல் ஹார்பர் தாக்குதலுக்குப் பிறகு மரைன் படையின் தளபதிகளில் ஒருவரான வில்லியம் ரூபர்டஸ் பெயரில் வந்தது. இன்றும் அங்கே பயிற்சிக்கு வருகிறவர்கள் அதைக் கற்கிறார்கள். படம் பார்த்துவிட்டுப் படையில் சேர்ந்த பையனுக்கு அது சினிமா வசனம். படையில் இருந்துவிட்டுப் படம் பார்த்தவருக்கு அது தன் பத்தொன்பது வயது.

சிக்கல் என்று சொன்னேனே, அது இதுதான். ஹார்ட்மேனின் முறை சரி என்று அந்தப் படம் சொல்லவில்லை. லாரன்ஸ் என்கிற பருத்த, மெதுவான பையனை அந்த வசவும் அடியும் உடைத்துப்போடுகின்றன. பயிற்சி முடிகிற ராத்திரியில் அவன் ஹார்ட்மேனைச் சுட்டுக் கொன்றுவிட்டுத் தன்னையும் சுட்டுக்கொள்கிறான். இவ்வளவும் தெரிந்துதான் படைவீரர்கள் ஹார்ட்மேனை ரசிக்கிறார்கள். எர்மிக்கு 2002இல் மரைன் படை, ஓய்வுபெற்ற பல வருடம் கழித்து, கௌரவப் பதவி உயர்வுகூடக் கொடுத்தது. இதை முரண் என்று நான் பார்ப்பதில்லை. ஒரு காலத்தில் வயிற்றைக் கலக்கிய குரலை, தப்பித்து வந்த பிறகு நண்பர்களோடு சேர்ந்து நடித்துக் காட்டுவதில் ஒரு விடுதலை இருக்கிறது. அந்தக் குரலுக்கு முன்னால் எல்லோரும் ஒரே மாதிரி நடுங்கினார்கள் என்பதுதான் அவர்களுக்குள் இருக்கும் முதல் உறவு. லாரன்ஸ் மாதிரி உடைந்தவர்கள் அந்த வட்டத்தில் உட்கார்ந்து சிரிப்பதில்லை என்பதும் உண்மை. அதை மறந்துவிட்டு இந்த வசனங்களைக் கொண்டாடக் கூடாது.

இன்னும் கடினமான உதாரணம் ஃபிரான்சிஸ் ஃபோர்ட் கொப்போலாவின் 'அபோகலிப்ஸ் நவ்' (1979). ராபர்ட் டுவால் நடித்த கர்னல் கில்கோர், வாக்னரின் இசையை ஒலிபெருக்கியில் போட்டுக்கொண்டு ஹெலிகாப்டர்களோடு ஒரு வியட்நாமியக் கிராமத்தை அழிக்கிறார். காரணம், அங்கே கடலலை சறுக்கு விளையாட நன்றாக இருக்கும். அப்புறம் குந்தி உட்கார்ந்து, காலை நேரத்து நேபாம் (எரிகுண்டுகளில் நிரப்பும் பெட்ரோல் கலவை) வாடை தனக்கு ரொம்பப் பிடிக்கும், அதில் வெற்றி மணக்கிறது என்கிறார். பைத்தியக்காரத்தனத்தின் உச்சமாகத்தான் அந்தக் காட்சி எழுதப்பட்டது. ஆனால் மரைனாக இருந்த ஆண்டனி ஸ்வோஃபர்ட் 2003இல் எழுதிய தன் வளைகுடாப் போர் நினைவு நூலில் என்ன சொல்கிறார்? 1990இல் குவைத்தை இராக் ஆக்கிரமித்த செய்தி வந்ததும், அவருடைய பிரிவினர் வியட்நாம் படங்களாக வாடகைக்கு எடுத்துவந்து நாள்கணக்கில் பீர் குடித்துக்கொண்டே பார்த்தார்கள். போர் எதிர்ப்புப் படம் என்று ஊரில் இருப்பவர்கள் நினைக்கலாம், படைவீரன் கண்ணுக்கு எல்லாமே போரை விரும்ப வைக்கும் படம்தான் என்பது அவருடைய வாதம். அந்த நூலை வைத்து 2005இல் எடுத்த படத்தில், மரைன்கள் இந்த ஹெலிகாப்டர் காட்சியைப் பார்த்து ஆர்ப்பரிப்பதையே ஒரு காட்சியாக வைத்தார்கள்.

ஸ்வோஃபர்ட் சொல்வதில் நிறைய உண்மை இருக்கிறது, ஆனால் முழு உண்மை இல்லை என்பது என் எண்ணம். கில்கோர் பேசி முடிக்கும்போது இன்னொரு வரி சொல்கிறார். பலரும் அதை விட்டுவிட்டு மேற்கோள் காட்டுவார்கள். "ஒரு நாள் இந்தப் போர் முடிஞ்சுடும்" என்கிறார். சொல்கிற தொனியில் மகிழ்ச்சி இல்லை, ஏக்கம். போரிலிருந்து திரும்பி வந்து, அதற்குப் பிறகு எதிலும் அந்தத் தீவிரம் கிடைக்காமல் தவிப்பவர்களுக்கு அந்த வரி சுடும். நேபாம் வரியைச் சொல்வதற்கு அனுபவம் வேண்டாம், அடுத்த வரி புரிவதற்கு வேண்டும்.

தவறான ஆள் சொன்னதையே படைவீரர்கள் கொண்டாடுவதற்கு மூன்றாவது உதாரணம் 'எ ஃப்யூ குட் மென்' (1992). ஆரன் சார்க்கின் முதலில் நாடகமாக எழுதியது. கடற்படை வழக்கறிஞராக இருந்த அவருடைய சகோதரி, கியூபாவில் உள்ள அமெரிக்கக் கடற்படைத் தளமான குவாண்டனாமோவுக்கு ஒரு வழக்குக்காகப் போனதுதான் கதையின் வித்து. நீதிமன்றத்தில் கர்னல் ஜெசப், அதாவது ஜாக் நிக்கல்சன், "உண்மையை உன்னால தாங்க முடியாது!" என்று வெடிக்கிறார். உலகத்தில் சுவர்கள் இருக்கின்றன, அவற்றைத் துப்பாக்கியோடு காவல் காக்க ஆள் வேண்டும், நான் தருகிற பாதுகாப்புப் போர்வைக்குள் தூங்கிக்கொண்டு அதை எப்படித் தருகிறேன் என்று கேள்வி கேட்கிறாய் என்கிறார். சாண்டியாகோ என்ற பலவீனமான பையனை 'திருத்த' உத்தரவிட்டு, அவன் சாவுக்குக் காரணமான ஆள் பேசுகிற பேச்சு இது. எழுத்தும் நடிப்பும் அவ்வளவு பலமாக இருப்பதால், ஊருக்குள் தங்கள் வேலையை யாரும் புரிந்துகொள்ளவில்லை என்ற மனக்குறை உள்ளவர்கள் அதைத் தங்கள் குரலாகவே எடுத்துக்கொள்கிறார்கள். ஹூட் சொன்ன 'அவங்களுக்குப் புரியாது' என்பதும் இதே மனக்குறைதான். ஆனால் ஹூட் வாயை மூடிக்கொள்கிறார், ஜெசப் அதைக் கொலைக்குச் சமாதானமாக்குகிறார்.

அந்தப் படத்தில் எல்லோரும் சொல்ல வேண்டிய வசனம் அதற்குப் பிறகு வருகிறது. உத்தரவுக்குக் கீழ்ப்படிந்த இரண்டு மரைன்களும் கொலைக் குற்றத்திலிருந்து விடுபடுகிறார்கள், ஆனால் படையிலிருந்து நீக்கப்படுகிறார்கள். "நாம என்ன தப்பு செஞ்சோம்?" என்று சின்னவன் குமுறுகிறான். மூத்தவன் டாசன் சொல்கிறான்: தங்களுக்காகப் போராட முடியாதவங்களுக்காக நாம போராடியிருக்கணும். வில்லிக்காக நாம நின்றிருக்கணும். வில்லி என்பது செத்த பையன். சீருடை எதற்கு என்ற கேள்விக்கு ஒரு மரைனின் வாயிலிருந்தே வருகிற பதில் இது. ஜெசப்பின் கத்தல் புகழடைந்த அளவுக்கு இது அடையவில்லை என்பது எனக்கு நிஜமாகவே வருத்தம்.

இவ்வளவு கனமாகப் போக வேண்டாம். வியட்நாமின் இயா டிராங் பள்ளத்தாக்கில் 1965 நவம்பரில் நடந்த சண்டையைப் பற்றிய 'வி வேர் சோல்ஜர்ஸ்' (2002) படத்தில் சார்ஜென்ட் மேஜர் பிளம்லி வருவார். நம் பட்டாலியன்களில் சுபேதார் மேஜர் சாப் எப்படியோ அப்படி. சார்ஜென்ட் சாவேஜ் பாவம் "குட் மார்னிங்" என்று சொன்னால், இன்றைக்கு எப்படிப்பட்ட நாள் என்று உனக்கு எப்படித் தெரியும் என்று எரிந்து விழுவார். இன்னொரு நாள் காலை அழகாக இருக்கிறது என்றால், நீ என்ன வானிலை அறிக்கை வாசிக்கிறவனா என்பார். அதற்குப் பிறகு சண்டை. சாவேஜ் இருந்த சின்னப் பிரிவு தனியாகத் துண்டிக்கப்பட்டு ராத்திரி முழுக்கச் சூழப்பட்டுக் கிடக்கிறது. மேலே இருந்தவர்கள் விழ, சாவேஜ்தான் பொறுப்பேற்று மிச்சமிருந்தவர்களைக் காப்பாற்றுகிறார். இது உண்மையில் நடந்தது. எல்லாம் முடிந்து அவர் சோர்ந்து நிற்கும்போது பிளம்லி கடந்துபோகிறார். "நல்ல நாள், சார்ஜென்ட் சாவேஜ்" என்கிறார். பாராட்டுப் பத்திரமே தராத ஆளிடமிருந்து கிடைத்த பாராட்டு. அந்த இடத்தில் கண் கலங்காத பழைய சிப்பாய்கள் குறைவு.

இதுவரை சொன்னவற்றில் ஒரு சரடு ஓடுகிறது. நிலைத்த வசனங்களில் நல்ல பாதி, எழுத்தாளரின் மேசைக்கு வருவதற்கு முன்னாலேயே படையில் இருந்தவை. 1962இல் வந்த 'தி லாங்கஸ்ட் டே' படத்தில், நார்மண்டியின் ஓமஹா கடற்கரையில் மாட்டிக்கொண்ட வீரர்களிடம் ராபர்ட் மிச்சம் சொல்வார்: இந்தக் கரையில் இரண்டே வகை ஆட்கள்தான் தங்குவார்கள், ஏற்கெனவே செத்தவர்கள், இனிமேல் சாகப்போகிறவர்கள். படத்தில் அதை ஜெனரல் நார்மன் கோட்டாவின் வாயில் வைத்தார்கள். 1944 ஜூன் 6 அன்று அதைச் சொன்னவர் கர்னல் ஜார்ஜ் டெய்லர் என்பது பதிவான செய்தி. கோட்டாவின் பெயரில் நிற்பது வேறு வாசகம்: ரேஞ்சர்கள் (அமெரிக்கத் தரைப்படையின் தேர்ந்த பிரிவு) முன்னால் போங்கள் என்று அதே கரையில் அவர் சொன்னது. அது அந்தப் படைப்பிரிவின் முழக்கமாகவே ஆகிவிட்டது. மொகதிஷுவில் இறங்கியவர்களும் அதே ரேஞ்சர்கள்தான். 'பேட்டன்' (1970) படத்தின் தொடக்கத்தில் ஜார்ஜ் சி. ஸ்காட் பெரிய கொடியின் முன்னால் நின்று, தன் நாட்டுக்காகச் செத்து எவனும் போரில் ஜெயித்ததில்லை, எதிரியை அவன் நாட்டுக்காகச் சாக வைத்துத்தான் ஜெயித்தான் என்பாரே, அதுவும் 1944இல் அமெரிக்க ஜெனரல் பேட்டன் தன் படைகளிடம் உண்மையாகவே பேசியதிலிருந்து வந்தது. அசல் பேச்சில் கெட்ட வார்த்தை இன்னும் அதிகம். அசல் பேட்டனுக்குக் குரல் மெல்லியது. இன்று எல்லோர் காதிலும் ஒலிப்பது ஸ்காட்டின் கரகரப்புதான்.

நம் பக்கத்தில் 'உரி' (2019) படத்தின் "ஹவ்ஸ் த ஜோஷ்?" (உற்சாகம் எப்படி?), "ஹை சார்!" (உச்சத்தில் இருக்கு சார்!) இதே வகை. கேள்வியும் பதிலும் சேர்ந்த ஜோடி வசனம். ராணுவ கிளப்புகளுக்குச் சின்ன வயதில் நண்பர்களோடு போனபோது, ஓய்வுபெற்ற அதிகாரி ஒருவர் பிள்ளைகளை வரிசையாக நிறுத்தி இதைக் கேட்பார், சத்தமாகச் சொல்கிறவருக்குச் சாக்லேட் கிடைக்கும் என்று இயக்குநர் ஆதித்ய தர் சொல்லியிருக்கிறார். படம் வந்த சில நாட்களிலேயே பிரதமரே ஒரு விழாவில் அதைக் கேட்டார். அதன் பிறகு கல்லூரி விழா, அலுவலகக் கூட்டம் எங்கும் அதுதான். ஆனால் சண்டைக்குப் போகும் முன் சேர்ந்து கத்துவது படைகளில் எப்போதும் இருந்த வழக்கம். மெட்ராஸ் ரெஜிமெண்டின் "வீர மதராசி, அடி கொல்லு, அடி கொல்லு" முழக்கமும் செய்கிற வேலை அதுவேதான். தனித்தனி மூச்சை ஒரே மூச்சாக்குவது.

விக்ரம் பத்ராவின் கதை இதற்கு நேர்மாறாகப் போனது. 1999 கார்கில் போரில் பாயிண்ட் 5140 சிகரத்தைப் பிடித்ததும் அவர் ரேடியோவில் சொன்ன "யே தில் மாங்கே மோர்" (இந்த மனசு இன்னும் கேட்குது) அப்போது டிவியில் ஓடிக்கொண்டிருந்த பெப்சி விளம்பரத்தின் வாசகம். குளிர்பானம் விற்க எழுதியதை ஒரு 24 வயது அதிகாரி மலை உச்சிக்கு எடுத்துப்போனார். ஜூலை 7 அன்று பாயிண்ட் 4875 சண்டையில் அவர் இறந்தார், பரம்வீர் சக்ரா கிடைத்தது. பிறகு அந்த வாசகம் 'ஷேர்ஷா' (2021) படத்துக்குள் வந்தது. இன்று அதைக் கேட்கிறவர்களுக்கு பெப்சி நினைவுக்கு வருவதில்லை.

இவற்றைப் பார்க்க ஆசைப்பட்டால், 'ஜூலு'வில் தொடங்குங்கள். நிதானமான படம், வசனங்கள் ஒவ்வொன்றும் தெளிவாகக் கேட்கும். 'பிளாக் ஹாக் டவுன்' முதல் தடவை சத்தத்திலேயே போய்விடும், யார் யார் என்று பிடிபட இரண்டாவது தடவை பார்க்க வேண்டியிருக்கும். 'ஃபுல் மெட்டல் ஜாக்கெட்' பிள்ளைகள் வீட்டில் இல்லாத நேரத்தில் பாருங்கள், முதல் பாதியோடு நிறுத்திவிடாதீர்கள். முடிந்தால் படையில் இருந்த ஒருவரோடு உட்கார்ந்து பாருங்கள். அவர் எங்கே சிரிக்கிறார், எங்கே எழுந்து வெளியே போகிறார் என்பதைக் கவனித்தால் நான் இங்கே எழுதியதைவிட அதிகமாகப் புரியும்.